ஜெராக்ஸ் கடைக்கு லினக்ஸ்: போட்டோ சுருக்க, பிடிஎஃப் சேர்க்க, மனு அடிக்க எதை வைத்துக்கொள்ளலாம்?

தாலுகா ரோடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில் ஜெராக்ஸ் என்று இருந்தாலும் பாதி வேலை ஆன்லைன் விண்ணப்பம்தான். பரீட்சைக்கு அப்ளை செய்யும் பிள்ளைகள், பட்டா மாறுதலுக்கு வருபவர்கள், முதியோர் உதவித்தொகை மனு எழுதித் தரச் சொல்லும் பாட்டிகள், இப்படித்தான் நாள் போகும்.

கடையில் இரண்டு கம்ப்யூட்டர். இரண்டும் நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேலான பிராசசர் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. நண்பர் ஒருவர் ஒன்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தை, பழைய மெஷினுக்கு ஏற்ற இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பில் போட்டுக் கொடுத்தார். வேகம் பரவாயில்லை. வேலைக்குத்தான் என்னென்ன மென்பொருள் போடுவது என்று தெரியவில்லை.

எனக்குத் தினமும் தேவைப்படுவது இவைதான்: போட்டோவை 20-லிருந்து 50 கேபிக்குள், கையெழுத்தை 10-லிருந்து 20 கேபிக்குள் கொண்டுவருவது. சர்டிபிகேட்டுகளை ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்கி, அதைச் சின்னதாக்குவது. ஆதார் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஒரே ஏ4-ல் எடுப்பது. 4க்கு 6 தாளில் எட்டு பாஸ்போர்ட் போட்டோ. அப்புறம் தமிழில் மனு.

இதுவரை சுருக்குவது, சேர்ப்பது எல்லாமே ஏதாவது ஓர் இலவச வெப்சைட்டில்தான் செய்துகொண்டிருந்தேன். போன வாரம் ஒரு அம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "என் ஆதாரை எங்கப்பா ஏத்துற?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. நெட் போனால் கடையும் நின்றுவிடுகிறது. டெர்மினலில் கட்டளை அடிக்கும் வழி வேண்டாம். நான் இல்லாத நேரத்தில் தங்கச்சி கடையைப் பார்த்துக்கொள்வாள், அவளும் செய்ய வேண்டும்.

---

நள்ளிரவு டெர்மினல் எழுதியது:

சகோ, முதலில் மின்ட்டோடு கூடவே வந்திருப்பதைப் பாருங்கள். மெனுவில் டாக்குமென்ட் ஸ்கேனர் என்று இருக்கும். அதன் பழைய பெயர் சிம்பிள் ஸ்கேன். ஸ்கேனுக்கு அது போதும். பிடிஎஃப் சேர்க்க, பக்கம் மாற்ற, திருப்ப: பிடிஎஃப் அரேஞ்சர். சாப்ட்வேர் மேனேஜரில் பெயரை அடித்தால் வந்துவிடும்.

பிரிண்டர், ஸ்கேனர் என்ன மாடல்? மற்றதைவிட அதுதான் முக்கியமான கேள்வி. வைஃபை உள்ள, ஏர்பிரிண்ட் ஆதரவு உள்ள ஆல்-இன்-ஒன் என்றால் டிரைவரே போடாமல் அச்சும் ஸ்கேனும் வேலை செய்யும். பழைய சின்ன லேசர் பிரிண்டர் என்றால் கொஞ்சம் பார்க்க வேண்டும். அவற்றில் பல, பக்கத்தை வரையும் வேலையைக் கம்ப்யூட்டரின் தலையிலேயே கட்டிவிடும் வகை. அந்தக் கம்பெனியே லினக்ஸ் டிரைவர் தந்தால்தான், அல்லது யாராவது அதற்கென்று எழுதி வைத்திருந்தால்தான் ஓடும். ஓப்பன்பிரிண்டிங் தளத்தில் மாடல் வாரியாகப் பட்டியல் இருக்கிறது. அதில் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

---

தாலுகா ரோடு எழுதியது:

நன்றி சகோ. ஆல்-இன்-ஒன் ஒன்று இருக்கிறது, வைஃபை உள்ளது. செருகியதும் மின்ட் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது, ஸ்கேனும் வருகிறது. பழைய லேசர் ஒன்று விண்டோஸ் மெஷினில் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும்.

---

கும்பகோணம் டிடிபி அக்கா எழுதியது:

தம்பி, அந்த அம்மா கேட்ட கேள்வியை நம் தொழிலில் இருக்கும் எல்லோருமே ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். நம்மிடம் வருபவர்கள் நம் கையில் கொடுப்பது ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், நிலப் பத்திரம். 'ஃப்ரீ கம்ப்ரஸ்' என்று தேடி முதலில் வரும் வெப்சைட்டில் அதை ஏற்றினால், அந்தப் பிரதி யாருடைய சர்வரில், எத்தனை நாள் கிடக்கும் என்று நமக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. நீங்கள் எழுதிய வேலைகளில் ஒன்றுக்குக்கூட இணையம் தேவையில்லை. எல்லாவற்றையும் உங்கள் மேஜையிலேயே, ஒரு பைசா செலவில்லாமல் முடிக்கலாம். நான் டிடிபி கடையில் பல வருஷமாக இப்படித்தான் செய்கிறேன், என் மெஷின்களும் உங்களுடையதைப் போன்ற பழையவைதான். எனக்குத் தெரிந்ததை வேலை வாரியாகச் சொல்கிறேன்.

போட்டோ, கையெழுத்து. இதற்குப் படம் திருத்தும் ஜிம்ப் போடுங்கள். பெரிய மென்பொருள் ஆயிற்றே என்று பயப்பட வேண்டாம், அதில் நமக்கு வேண்டியது மூன்றே மூன்று இடங்கள். முதலில் கிராப் கருவி. அதன் ஆப்ஷனில் ஃபிக்ஸ்ட் என்பதை டிக் செய்து, ஆஸ்பெக்ட் ரேஷியோ தேர்ந்தெடுத்து, 35:45 என்று எழுதுங்கள். இப்போது எப்படி இழுத்தாலும் பாஸ்போர்ட் அளவு விகிதம் மாறாது. இரண்டாவது, இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ். அகலம் 276, உயரம் 354 பிக்சல். 3.5க்கு 4.5 சென்டிமீட்டரை 200 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளி) கணக்குப் போட்டால் வருவது இதுதான். மூன்றாவது, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட். பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று கொடுத்தால் ஒரு பெட்டி திறக்கும். அதில் 'ஷோ பிரிவ்யூ இன் இமேஜ் விண்டோ' என்பதை டிக் செய்யுங்கள். குவாலிட்டி கோலை நகர்த்த நகர்த்த, கோப்பு எத்தனை கேபி வரும் என்று அங்கேயே காட்டும். 40-ஐ ஒட்டி நிறுத்தி எக்ஸ்போர்ட் கொடுத்தால் வேலை முடிந்தது. சேமித்துப் பார்த்து, பெரிதாக இருக்கிறதே என்று மறுபடி சேமிக்கும் அலைச்சலே கிடையாது. அதே பெட்டியில் எக்ஸிஃப், தம்ப்நெயில் என்று இருப்பவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். போட்டோவில் அது பெரிய விஷயமில்லை. கையெழுத்துக்கு 20 கேபிதான் உச்சம் என்னும்போது அந்தச் சில கேபியும் கணக்கில் வரும். செல்போனில் எடுத்த படமாக இருந்தால் எந்த இடத்தில் எடுத்தது என்ற விவரமும் அந்த எக்ஸிஃபில்தான் ஒளிந்திருக்கும், அது போவதே நல்லது.

கையெழுத்து 20-க்குள் அடங்க மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் தாள்தான், கையெழுத்து இல்லை. ஸ்கேனில் வெள்ளைத் தாள் வெள்ளையாக வராது. சாம்பல் புள்ளிகளும், பின்பக்க எழுத்தின் நிழலும் சேர்ந்து வரும். ஜேபிஜி அந்த அழுக்கு முழுவதையும் பத்திரமாகச் சேமிக்கப் பார்க்கும், கோப்பு வீங்கும். கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் திறந்து, வெள்ளைப் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் சொட்டுக்குழாயை எடுத்து, வெறும் தாளின் மேல் ஒரு கிளிக். தாள் பளிச்சென்று வெளுத்துவிடும், மை மட்டும் நிற்கும். அதற்கப்புறம் எக்ஸ்போர்ட் பெட்டியைத் திறந்தால் கேபி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். தரத்தைக் குறைத்துக் கையெழுத்தைச் சிதைக்க வேண்டிய அவசியமே வராது.

எட்டு போட்டோ. இதற்கு ஜி-லேபிள்ஸ். பொருள்களின் மேல் ஒட்டும் லேபிள் அச்சடிக்க எழுதப்பட்ட மென்பொருள். ஒரே படத்தைத் தாள் முழுக்க வரிசையாக நிரப்புவதுதான் அதன் தொழில். நமக்கு வேண்டியதும் அதுதானே. புது டெம்ப்ளேட் உருவாக்கும்போது தாளின் அளவை 152க்கு 102 மில்லிமீட்டர் என்று கொடுங்கள், அதுதான் படுக்கை வாக்கில் 4க்கு 6. லேபிள் அகலம் 35, உயரம் 45. குறுக்கே 4, கீழே 2. இடது விளிம்பிலிருந்து 3, மேலிருந்து 5. ஹாரிசாண்டல் பிட்ச் 37, வெர்டிகல் பிட்ச் 47. இப்படிக் கொடுத்தால் போட்டோக்களுக்கு நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி விழும், கத்தரிக்கக் கை வாகாக இருக்கும். ஒருமுறை இந்த டெம்ப்ளேட்டைச் சேமித்துவிட்டால் அப்புறம் படத்தை மட்டும் மாற்றினால் போதும், உங்கள் தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவாள். அச்சடிக்கும்போது பிரிண்டர் அமைப்பில் 'ஃபிட் டு பேஜ்' இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் 35 மில்லிமீட்டர் 33 ஆகிவிடும், அளவெடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அச்சுக்கு எடுக்கும்போது அந்த 276 பிக்சல் படத்தை வைக்காதீர்கள். அது விண்ணப்பத்துக்கு மட்டும். கிராப் செய்த பெரிய படத்தைத் தனியாக வைத்திருந்து அதைப் போடுங்கள்.

இதே ஜி-லேபிள்ஸில் ஒரு சிஎஸ்வி பட்டியலை (கால்க், எக்செல் போன்றவற்றிலிருந்து சேமிக்கும் எளிய பட்டியல் கோப்பு) கொடுத்தால் ஒவ்வொரு லேபிளிலும் வேறு வேறு பெயர் விழும். கல்யாணப் பத்திரிகை உறைக்கு முகவரி ஒட்டித் தரும் வேலை வந்தால் நினைவில் வையுங்கள்.

சர்டிபிகேட் பிடிஎஃப். டாக்குமென்ட் ஸ்கேனரில் டெக்ஸ்ட், இமேஜ் என்று இரண்டு முறை இருக்கும். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாம் டெக்ஸ்ட் முறையில், 150 டிபிஐயில் எடுங்கள். எல்லாவற்றையும் 300-இல் கலரில் எடுத்துவிட்டு அப்புறம் சுருக்கப் போராடுவதைவிட, எடுக்கும்போதே அளவாக எடுப்பது நல்லது. கலர் முத்திரை தெரிந்தே ஆக வேண்டும் என்று கேட்டால் மட்டும் இமேஜ் முறை. தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து ஸ்கேன் அழுத்திக்கொண்டே போங்கள், கடைசியில் ஒரே பிடிஎஃபாகச் சேமிக்கும்.

வாடிக்கையாளரே நாலு பிடிஎஃப் அனுப்பினால் பிடிஎஃப் அரேஞ்சர். எல்லாக் கோப்பையும் உள்ளே இழுத்துப் போட்டால் ஒவ்வொரு பக்கமும் சின்னப் படமாகத் தெரியும். பக்கத்தைப் பிடித்து முன்பின் நகர்த்தலாம், தலைகீழாக இருந்தால் திருப்பலாம், ஓரத்தைக் கத்தரிக்கலாம். தொழிலில் எனக்கு அதிகம் கை கொடுப்பது இதுதான்.

அப்படியும் கோப்பு பெரிதாக இருந்தால் டென்சிஃபை. பின்னால் இருந்து உண்மையில் வேலை செய்வது கோஸ்ட்ஸ்கிரிப்ட், டென்சிஃபை அதற்கு ஒரு சின்ன ஜன்னல். ஈபுக் என்ற அமைப்பு படங்களை 150 டிபிஐக்கு இறக்கும், ஸ்கிரீன் என்பது 72-க்கு இறக்கும். ஈபுக்கில் அடங்கினால் அதோடு நிறுத்திவிடுங்கள். ஸ்கிரீன் வரை போக வேண்டி வந்தால், ஏற்றுவதற்கு முன் பிடிஎஃபைத் திறந்து, பெரிதாக்கி, சான்றிதழ் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்துப் பாருங்கள். 3-உம் 8-உம் ஒன்றாகத் தெரிகிறது என்றால் அந்தக் கோப்பு வேண்டாம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் ஒரு வருஷம் போவது அந்தப் பிள்ளைக்கு.

ஆதார் இரண்டு பக்கம். மின்ட்டில் லிப்ரெஆபிஸ் ஏற்கெனவே இருக்கிறது. அதில் டிரா திறந்து ஏ4 பக்கத்தில் முன், பின் இரண்டு படத்தையும் போடுங்கள். ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து எஃப்4 அழுத்தினால் அளவும் இடமும் எண்ணாகக் கொடுக்கலாம். அகலம் 85.6, உயரம் 54 மில்லிமீட்டர். ஏடிஎம் கார்டு, பான் கார்டு எல்லாமே அதே அளவுதான். இடதிலிருந்து 62.2 கொடுத்தால் பக்கத்தின் நடுவில் உட்காரும். இதை டெம்ப்ளேட்டாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆள் வரும்போது படத்தின் மேல் வலது கிளிக், ரீபிளேஸ், முடிந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: எண் முழுக்கத் தெரிய வேண்டிய அவசியம் இல்லாத இடத்துக்கு முதல் 8 இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதாரையே எடுத்துக்கொடுங்கள். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

பிடிஎஃப் படிவத்தில் எழுதச் சொல்லி வருவார்கள், ஆனால் அதில் நிரப்பும் கட்டமே இருக்காது. அதற்கு எக்ஸ்ஜர்னல் பிளஸ் பிளஸ் (எக்ஸ் எழுத்தில் தொடங்கும், பின்னால் இரண்டு கூட்டல் குறி). பிடிஎஃபைத் திறந்து, எந்த இடத்தில் வேண்டுமோ அங்கே கிளிக் செய்து எழுதலாம். தமிழும் ஒழுங்காக வரும். கையெழுத்துப் படத்தையும் வைக்கலாம். எழுதி முடித்ததும் சேமிப்பதோடு நிற்காமல் பிடிஎஃபாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும், இல்லையென்றால் அதன் சொந்த வடிவத்தில்தான் இருக்கும். படிப்பதற்கு மட்டும் என்றால் ஓகுலர் எனக்குப் பிடிக்கும். ஜெர்மனி கொடுக்கும் புளூ ஏஞ்சல் என்ற சுற்றுச்சூழல் முத்திரையை 2022-இல் வாங்கிய மென்பொருள் அது, பழைய மெஷினிலும் மின்சாரத்தைக் கொஞ்சமாகச் செலவழித்து ஓட வேண்டும் என்பது அந்த முத்திரைக்கான சோதனையிலேயே உண்டு. நம் 4 ஜிபி மெஷின்களுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்.

தமிழ் மனுவைப் பற்றி இன்னொருவர் எழுதட்டும், எனக்குக் கடையில் ஆள் வந்துவிட்டார்கள்.

---

தாலுகா ரோடு எழுதியது:

அக்கா, இவ்வளவு விரிவாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. மனமார்ந்த நன்றி. கையெழுத்துத் தாளை வெளுக்கும் வழியைச் செய்து பார்த்தேன். ஒரு பையனுடைய கையெழுத்து 34 கேபியில் நின்றுகொண்டிருந்தது, லெவல்ஸில் ஒரே கிளிக்கில் 11-க்கு வந்துவிட்டது. ஜி-லேபிள்ஸ் டெம்ப்ளேட்டைத் தங்கச்சியே செய்துவிட்டாள்.

மனு விஷயத்தில் ஒரு சிக்கல். கடையை எனக்கு விற்றவர் பல வருஷ மனு மாதிரிகளைக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் பாமினி எழுத்துருவில் வேர்டு கோப்புகள். சில பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில். லினக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கின்றன. எனக்கு டைப்ரைட்டர் முறை பழக்கம், தங்கச்சிக்கு எதுவும் பழக்கமில்லை.

---

பழைய பிரஸ் எழுதியது:

தம்பி, அந்தக் கோப்புகள் கெட்டுப்போகவில்லை, பயப்படாதீர்கள். பாமினி, எல்லா மெஷினும் ஒரே மாதிரி படிக்கும் யூனிகோடு முறை எழுத்துரு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தது. எழுத்துரு இல்லாத மெஷினில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துதான் தெரியும். பார்க்க மட்டும் வேண்டுமென்றால் விண்டோஸ் மெஷினிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்து, ஹோம் போல்டரில் புள்ளி வைத்துத் தொடங்கும் ஃபான்ட்ஸ் என்ற போல்டரை உருவாக்கி அதில் போடுங்கள். மறைவாக இருக்கும், கன்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்தினால் தெரியும். லிப்ரெஆபிஸை மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

ஆனால் அதோடு நின்றுவிடாமல் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள் என்பேன். பாமினியில் இருக்கும் மனுவில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது, வாட்ஸ்அப்பில் ஒட்டினால் குப்பையாக வரும், இணையப் படிவத்தில் ஒட்டவே முடியாது. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் பாமினி, டாப், டாம், டிஸ்கி போன்ற பழைய முறைகளை யூனிகோடாக்கும் வசதி இருக்கிறது. அதற்கு டெர்மினல் கொஞ்சம் தேவை. உங்களுக்கு மின்ட் போட்டுக் கொடுத்த நண்பரிடம் ஒரு மத்தியானம் உட்காரச் சொல்லுங்கள், மொத்தக் கோப்புகளையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம். மாதிரி மனுக்களில் யாருடைய விவரமும் இல்லை என்றால் இணையத்தில் இருக்கும் மாற்றிகளைப் பயன்படுத்துவதில் தப்பில்லை. பழைய ஆளின் பெயரும் சர்வே எண்ணும் அப்படியே இருந்தால் வேண்டாம்.

பேஜ்மேக்கர் கோப்பை லிப்ரெஆபிஸ் டிரா திறக்கும், 4.4 பதிப்பிலிருந்தே அந்த வசதி உண்டு. கோரல்டிரா கோப்பையும் திறக்கும். பக்க அமைப்பு கொஞ்சம் கலையும், எழுத்தை மீட்டெடுக்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். நோட்டீஸ், மலர், புத்தகம் என்று புதிதாகப் பக்கம் அமைக்க வேண்டுமானால் ஸ்கிரைபஸ். 1.4 காலத்து ஸ்கிரைபஸில் தமிழ் உடைந்து உடைந்து வரும், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் நிற்கும். 2024 தொடக்கத்தில் வந்த 1.6-இல் அது சரியாகிவிட்டது. யாராவது ஸ்கிரைபஸில் தமிழ் வராது என்று சொன்னால் பழைய பதிப்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள், கூடவே தமிழ் விசைப்பலகைகளைத் தரும் ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவி, மெனுவில் இன்புட் மெத்தட் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக்-அவுட் செய்து வாருங்கள். தமிழில் பல விசைப்பலகைகள் இருக்கும். உங்களுக்கு டைப்ரைட்டர் முறையே அதில் உண்டு, கையை மாற்ற வேண்டாம். தங்கச்சிக்குத் தமிழ்99 கற்றுக்கொடுங்கள். 1999-இல் தமிழக அரசு தரப்படுத்தியது. உயிர் எழுத்துகள் இடது கையில், மெய் வலது கையில் என்பதால் விரல் மாறி மாறிப் போகும், வேகம் தானாக வரும். அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என நாலே விசை. புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிக்கும் முறையில் தொடங்கினால் முதல் நாளில் சுலபம், ஆனால் நாள் முழுக்க மனு அடிப்பவருக்கு அது கட்டுப்படியாகாது.

அச்சடித்த பழைய மனு தாளாக மட்டும் இருந்தால், ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தை எடுத்துத் தரும் ஜி-இமேஜ்-ரீடர் போடுங்கள். அதன் பின்னால் எழுத்தைப் படிக்கும் டெசராக்ட்டுக்கான தமிழ்த் தரவையும் சேர்த்து நிறுவ வேண்டும், அதை மறந்தால் ஆங்கிலமாகப் படிக்கப் பார்க்கும். 300 டிபிஐயில் தெளிவாக ஸ்கேன் செய்தால் அச்செழுத்தை நன்றாகவே எடுத்துக்கொடுக்கும். ஒருமுறை படித்துத் திருத்தத்தான் வேண்டும். கையெழுத்துக்கு ஆகாது.

---

நள்ளிரவு டெர்மினல் எழுதியது:

ஒரு எச்சரிக்கை மட்டும். விரல்ரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இரண்டும் கடையில் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அந்தந்தக் கருவிக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இரண்டாவது மெஷினையும் மாற்றுங்கள். இல்லையென்றால் அந்த வேலைக்கு மட்டும் விண்டோஸ் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் வெப் வழியாகத்தான் கோப்பு வாங்குகிறீர்களா? லோக்கல்சென்ட் போட்டுப் பாருங்கள். ஒரே வைஃபையில் போனும் கம்ப்யூட்டரும் இருந்தால் போதும், இணையம் வேண்டாம், கணக்கும் வேண்டாம். வாடிக்கையாளர் போனிலும் அந்தச் செயலி வேண்டும் என்பதுதான் ஒரே தடை. தினமும் வரும் ஏஜென்டுகளுக்கு ஒத்துவரும்.

---

தாலுகா ரோடு எழுதியது:

விரல்ரேகைக் கருவி இருக்கிறது சகோ, அப்படியானால் அந்த மெஷினை இப்போதைக்குத் தொடவில்லை.

கடைசியாக ஒன்று. வாடிக்கையாளர்கள் சிலர் தாங்களே உட்கார்ந்து விண்ணப்பிப்பார்கள். மெயிலைத் திறந்துவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள். டவுன்லோட்ஸ் போல்டர் முழுக்க ஊரார் ஆதார். தினமும் உட்கார்ந்து அழிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு வழி உண்டா? அப்புறம் டைம்ஷிஃப்ட் என்று ஒன்று மின்ட்டில் இருக்கிறதே, அதுவே எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிடுமா?

---

கும்பகோணம் டிடிபி அக்கா எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு மின்ட்டிலேயே பதில் இருக்கிறது. மெனுவில் லாகின் விண்டோ என்று தேடித் திறங்கள். அதில் கெஸ்ட் செஷன்களை அனுமதிக்கும் பொத்தான் இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். வாடிக்கையாளர் உட்காரும்போது கெஸ்டாக நுழைய விடுங்கள், பாஸ்வேர்டு கேட்காது. எழுந்து போகும்போது லாக்-அவுட் கொடுத்தால் அவர் இறக்கிய கோப்பு, திறந்த மெயில், பிரௌசர் வரலாறு எல்லாம் அதோடு போய்விடும். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: அவர் பாதியில் எழுந்து டீ குடிக்கப் போகும்போது யாராவது லாக்-அவுட் கொடுத்துவிட்டால் அவர் சேமித்ததும் போய்விடும். மேஜையில் அதை எழுதி ஒட்டிவிடுங்கள். என் கடையில் தமிழில் பெரிதாக அடித்து ஒட்டியிருக்கிறேன்.

உங்கள் கணக்கில் நீங்கள் செய்யும் வேலைக்குத் தனியாக ஒரு போல்டர் வையுங்கள், அன்றைய வேலை எல்லாம் அதற்குள்ளேயே நடக்கட்டும். கடை சாத்தும்போது அந்தப் போல்டரைக் காலி செய்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். பிளீச்பிட் என்ற மென்பொருள் கோப்பின் மேல் வேறு எதையாவது எழுதி அழிக்கும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் அதற்குப் பலன் உண்டு. எஸ்எஸ்டி என்றால் மேலெழுதுவது அதே இடத்தில்தான் விழும் என்று நம்ப முடியாது. எஸ்எஸ்டி போடும் யோசனை இருந்தால், மின்ட்டை நிறுவும்போதே டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். மெஷினை யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் ஊரார் ஆதார் அவன் கைக்குப் போகாது.

டைம்ஷிஃப்ட் பற்றி: அது சிஸ்டத்துக்கு மட்டும். அப்டேட் போட்டு ஏதாவது கோளாறானால் நேற்றைய நிலைக்குத் திருப்பிக் கொண்டுவரும், அதற்கு அருமையான கருவி, கட்டாயம் ஓட விடுங்கள். ஆனால் ஹோம் போல்டரில் இருக்கும் உங்கள் கோப்புகளை, நீங்களாகச் சேர்க்காத வரை, அது எடுக்காது. உங்கள் டெம்ப்ளேட்டுகள், மனு மாதிரிகள், கணக்கு இவற்றுக்கு டேஜா டூப் போடுங்கள். மெனுவில் பேக்கப்ஸ் என்று தெரியும். எந்தப் போல்டர், எங்கே, எப்போது என்று மூன்றைக் கேட்கும், அவ்வளவுதான். ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்து வீட்டில் வையுங்கள். பாஸ்வேர்டு கேட்கும்போது போடுங்கள், ஆனால் அதை ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள். அந்தப் பாஸ்வேர்டு இல்லாமல் பேக்கப்பை யாராலும் திறக்க முடியாது, உங்களாலும்தான். வாடிக்கையாளர் கோப்பு வைக்கும் அந்த அன்றாடப் போல்டரை பேக்கப்பிலிருந்து விலக்கும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அங்கே அழித்தது இங்கே தங்கிவிடக் கூடாது.

ஜி-லேபிள்ஸ் டெம்ப்ளேட்டுகளும் ஹோம் போல்டருக்குள் ஒரு மறைவு போல்டரில்தான் இருக்கும். ஹோம் முழுவதையும் தேர்ந்தெடுத்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். எடுத்த பிறகு ஏதாவது ஒரு கோப்பை ரீஸ்டோர் கொடுத்துத் திறந்து பாருங்கள்.